டைமிங் பெல்ட் மாற்றிய அன்று

ரேடியேட்டருக்கு அடியில் பேசினை வைத்துத் திருகைத் தளர்த்தியதும் பச்சை கூலண்ட் கொட்டியது. அந்தத் தித்திப்பு வாடை மூக்கில் ஏறியவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அண்ணா. வடக்கனந்தலில் நம் வீட்டு வாசலில், நீ சவாரிக்கு ஓட்டிய அதே காருக்கு, இன்று நான் தனியாக டைமிங் பெல்ட் மாற்றுகிறேன்.

போன முறை மாற்றியவன் நீ. நான் டார்ச் பிடித்தேன். சின்னசேலத்தில் புருஷனிடம் அடிபட்டு நான் ஓடிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தாடை வீக்கம் வற்றவில்லை. பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் பற்சக்கரங்களில் வெள்ளைக் கோடு போட்டாய். ஒரு பல் தவறினாலும் வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சினே போய்விடும் என்றாய்.

புது பெல்ட் ஏறிவிட்டது. புல்லி போல்ட்டை இறுக்க, ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் என் புருஷன் பைக்கில் வந்து இறங்கினான்.

என் தலைமுடியைப் பிடித்துத் தெருப்பக்கம் இழுத்தான். நெற்றி பம்பரில் மோதி, கண்ணில் ரத்தம் இறங்கியது. நீ முதலில் கும்பிடத்தான் செய்தாய்.

"மாப்ள, வுட்டுடுங்க. உக்காந்து பேசிக்கலாம்."

என் முடியை விடாமலே, கீழே கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து உன் தோளில் குத்தினான்.

குழாய் எப்போது உன் கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. முதல் அடியில் கரும்பு முறிவதுபோல் அவன் முன்கை முறிந்தது. இரண்டாவது அடி முட்டியில். பழைய கூலண்ட் இருந்த பேசின்மேல் குப்புற விழுந்தான். பச்சைத் தண்ணீரும் ரத்தமும் வாசலெல்லாம் ஓடின. மூன்றாவதை விழுந்தவன் முதுகில் இறக்கினாய். மறுபடி ஓங்கினாய்.

"போதும்ணா" என்றேன்.

உடனே நிறுத்திவிட்டாய். குழாயைக் கீழே வைத்துவிட்டு, தோளில் ரத்தம் ஒழுக நின்றாய்.

அதன்பிறகு அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. உன்னைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்க வந்தபோது நீ கேட்டது ஒன்றுதான்: "வண்டிய யாரு ஓட்டிக்கினு இருக்காங்க?" நானேதான், கரியாலூர் மலைக்குச் சவாரி போகிறேன் என்றதும் கம்பிக்கு அந்தப் பக்கம் சிரித்தாய்.

விடுதலையாகி இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசிவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய்: "மூணாவது அடி அடிச்சிருக்கக் கூடாது பாப்பா. வுழுந்தவன அடிச்சிட்டேன்."

நான் உன் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். முதல் அடியிலேயே அவன் என் முடியை விட்டுவிட்டான். நான் சொன்னால் நீ நிறுத்துவாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு இன்னும் அடி விழட்டும் என்று இருந்தது. அந்த மூன்றாவது அடியில் பாதி என்னுடையது, அண்ணா. முழுதும் உன்னுடையதென்று நினைத்துக்கொண்டே நீ போய்விட்டாய்.