பாதி திருப்பிய சாவி

மார்ச் 3
காலையில் மறுபடி மக்கர். சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் எரிகிறது, எஞ்சினிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. திருப்பித் திருப்பிக் கை வலித்த பிறகு, போனால் போகிறதென்று ஸ்டார்ட் ஆனது. அதற்குள் இவருடைய கை கால் பயிற்சி நேரம் போய்விட்டது. பக்கவாதம் வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டது. பேசாத மனுஷன், கிளம்பாத கார், நடுவில் நான்.

மார்ச் 5
மெக்கானிக் வந்தார். அவர் முன்னால் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது! டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போகிற பல்வலி மாதிரி. "எதுக்கும் பேட்டரிய மாத்திப் பாப்போம்க்கா" என்றார். மாற்றியாயிற்று.

மார்ச் 8
புது பேட்டரி. பழைய பிடிவாதம்.

மார்ச் 12
ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறதாம். "எல்லாம் நல்லாருந்தா வண்டி ஏன் தம்பி கிளம்பல?" என்றேன். தலையைச் சொறிந்தார்.

சாயங்காலம் கொழுந்தன் போன். "இரும்புக்குப் போட்டுடுங்க அண்ணி. அண்ணன் இனிமே ஓட்டவா போறார்?" ஸ்பீக்கரில் இருந்தது. இவர் கேட்டுவிட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராத்திரி ஒரு வாய் சாப்பிடவில்லை. அவனுக்கு வாயில இருக்கிறது நாக்கா, தேள் கொடுக்கா?

மார்ச் 17
பயிற்சி நிலையத்து வாசலில் வழியை அடைத்துக்கொண்டு நின்றோம். மழை. பின்னால் ஒரே ஹாரன். ஸ்டியரிங்கில் அடித்து, "போதும், என்னால முடியல" என்று அழுதுவிட்டேன்.

இவருடைய இடது கை நகர்ந்தது. கியர் லிவரை உள்ளங்கையால் முன்பக்கமாக அழுத்திப் பிடித்தார். கண்ணால் சாவியைக் காட்டினார். திருப்பினேன் — கிளம்பியது!

இவர் ஓட்டிய காலத்தில் லிவரை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். "பெரிய பைலட்டு" என்று கேலி செய்வேன். அப்போதே வண்டி இப்படித்தானா? ஊமை கண்ட கனவு என்பார்களே, அதுபோல இதை உள்ளேயே வைத்துக்கொண்டு இருந்தாரா? இல்லை, எதையும் தொடவே மனசில்லாமல் இருந்தாரா? தெரியாது. ஆனால் இன்று வாயின் ஒரு பாதி சிரித்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

மார்ச் 18
மெக்கானிக்கிடம் சொன்னதும் துள்ளினார். "அதான்க்கா! ஆட்டோமேட்டிக் வண்டில்ல, கியர் பார்க்கிங்ல நிக்குதான்னு பாக்குற ஸ்விட்ச் தேஞ்சிருக்கு. அது சரியா சேராட்டி ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாது. சார் அழுத்தினதும் சேந்துக்குது. மாத்திடவா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? மாத்துங்க."

மார்ச் 21
புது ஸ்விட்ச். தொட்டதும் ஸ்டார்ட். இவர் கை லிவரை நோக்கிப் பாதி வழி வந்திருந்தது. நின்றது. மடிக்கே திரும்பிப் போய்விட்டது.

பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன். சட்டைப் பொத்தான் நான் போடுகிறேன், சாப்பாடு நான் ஊட்டுகிறேன். இவருக்கென்று இருந்த ஒரே வேலையையும் பிடுங்கிக்கொண்டேனே.

மார்ச் 24
சாவியைப் பாதியில் நிறுத்தினேன். விளக்கு மட்டும் எரிந்தது. "பாருங்க, புது ஸ்விட்ச்சும் மக்கர் பண்ணுது."

கை வந்தது. அழுத்தினார். மீதியைத் திருப்பினேன். வழி முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் பேர்தான் கெடுகிறது, கெடட்டும்.

மே 9
தினமும் இதே நாடகம். வசனம்கூட இப்போது தேவையில்லை.

ஜூன் 2
டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். போன வாரம் இரண்டாவது முறை லேசாகப் பக்கவாதம் வந்ததிலிருந்து இதயமும் தளர்ந்துவிட்டதாம். "இனிமே பயிற்சி வேண்டாம்மா. வீட்டுலயே நிம்மதியா வெச்சுக்குங்க."

காரில் வந்து உட்கார்ந்தேன். முகத்தைச் சரிசெய்துகொண்டு, சாவியைப் பாதி திருப்பிக் காத்திருந்தேன். இவர் கை லிவருக்குப் போகவில்லை. சாவியைப் பிடித்திருந்த என் கைமேல் வந்து அமர்ந்தது. மெல்லத் தள்ளியது. எஞ்சின் கிளம்பியது.

தெரியுமா இவருக்கு? தெரிஞ்சேதானா இத்தனை நாளும்? எனக்காகவா அழுத்தினீங்க?

ஜூலை 14
பிரிக்காத மருந்துகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்து, சாவியைப் பாதி திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ ஹாரன் அடித்த பிறகுதான் மீதியைத் திருப்பினேன்.