மூன்று பேர் ஊற்றிய ஆயில்

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் மாடியில் அத்தையும் சுகம். நான்காவதாக ஒரு ஜீவனும் நேற்று முதல் சுகம், பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட ஜீவன். உன் இருமல் விட்டதா, வேலை முடிந்து வந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுது. போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அந்த "ம்"மை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தச் செய்தியையும் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லுவார், எனக்கு நடந்தது நடந்தபடி உனக்குத் தெரிய வேண்டும்.

விஷயம் நம் பழைய டீசல் கார். நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய களைப்பில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்ததும், ஆகிவிட்டால் தெரு முழுக்க நீலப் புகை விட்டதும், ஆயிலைத் தண்ணீராகக் குடித்ததும் உனக்குத் தெரியும். பட்டறைக்காரர் பானெட்டைக்கூடத் தூக்காமல் புகையை மட்டும் பார்த்து, "இஞ்சின் போச்சும்மா, பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்றார். அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை, திறந்து பார்க்காமல் சொன்னதுதான் பொறுக்கவில்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று நான் கையெழுத்துப் போட்டால் ஊர் என்ன ஆகும். இன்னொன்றும் உண்டு. காது ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், உன் ஊருக்கு ரயிலோ நேர் பஸ்ஸோ கிடையாது, உனக்கு லீவு கிடையாது, புதுக் கார் நம் சக்திக்கு மேல். இந்தக் கார் ஓடினால் உன்னைப் பார்க்கலாம், ஓடாவிட்டால் போனில் குரல் மட்டும்தான். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா, "அவ மொகமே மறந்துரும் போலிருக்கு" என்று விளையாட்டாகச் சொன்னார், சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். மறுநாளே நான் அந்த இஞ்சினுக்கான புத்தகத்தைத் தேடி வாங்கிவிட்டேன். அதுவரை எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வாடகைக்குச் செயின் பிளாக் எடுத்து இஞ்சினை வெளியே தூக்கினோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஒரு பையில், ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு, அது எனக்குக் கைவந்த கலை. உன் படிப்பு மேசையில் சிலிண்டர் ஹெட் குடியிருந்தது, பழைய போர்வை விரித்துத்தான் வைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. திறந்து பார்த்ததில் பட்டறைக்காரர் சொன்னது முக்கால்வாசி சரி என்று தெரிந்தது, பிஸ்டன் ரிங் எல்லாம் தேய்ந்து சிலிண்டர் சுவர் வாய் அகன்று கிடந்தது. ஆனால் இஞ்சின் பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் தண்டு நேராக இருந்தது. மிச்சக் கால்வாசியைப் பிடித்துக்கொண்டுதான் லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து வாங்கி, அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டன் போட்டேன். பிஸ்டனையும் வால்வையும் பார்த்த அத்தைக்குக் கை துறுதுறுத்தது. "அண்ணி, இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, பொறந்ததுலேருந்து பல்லு வெளக்காத ஆளோட வாய் மாதிரி இருக்கு, குடுங்க" என்று தன் பல் கிளினிக்கிலிருந்து பழைய கொக்கிகளைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். கரி சுரண்டும்போது வால்வைப் பார்த்து "கொஞ்சம் பெருசா தொறங்க" என்று பழக்கதோஷத்தில் சொன்னதை நானே கேட்டேன். ஹெட் போல்ட் முடுக்குவது அப்பா வேலை. சரியான இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் "டிக்" என்னும், அங்கே நிறுத்த வேண்டும், அப்பாவுக்கு அந்த டிக் கேட்கவில்லை. அதனால் அத்தை பக்கத்தில் நின்று கேட்டு அவர் முதுகில் ஒன்று வைப்பாள். "சின்ன வயசுல குடுத்ததெல்லாம் வட்டியோட திருப்பறா பாரு" என்று அவர் புலம்ப, நான் புத்தகத்தைப் பார்த்து அடுத்த போல்ட்டின் எண்ணைச் சொல்லுவேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரு மெக்கானிக்.

இனிமேல்தான் மானம் போன கதை. இஞ்சினைக் காரில் ஏற்றிய மாலை அளவு பார்த்து நான் ஆயில் ஊற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கிளினிக் போகும் வழியில் அத்தை எட்டிப் பார்த்து, அண்ணி இன்னும் எதையாவது சரிபார்த்துக்கொண்டிருப்பாள், ஊற்றியிருக்க மாட்டாள் என்று ஒரு கேனைக் கவிழ்த்திருக்கிறாள். அப்புறம் அப்பா. ஆயில் இல்லாமல் ஓட்டினால் புது பேரிங் போய்விடுமே என்று அவர் பங்குக்கு அவர். ஒரே பாத்திரத்தில் மூன்று பேர் உப்புப் போட்ட கதை. ஆயில் அளவுக் குச்சியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உலகத்தில் நான் நம்பும் ஒரே ஆள் நானாகப் போய்விட்டேன்.

நேற்று அப்பா சாவியைத் திருப்பினார். இஞ்சின் இரண்டு தரம் முக்கியது, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. அத்தை கை தட்டினாள். கொஞ்ச நேரம் அழகாக ஓடியது, பிறகு தானாகவே வேகம் ஏறியது, ஏற ஏற வெள்ளைப் புகை எழும்பி எதிர் வீடு மறைந்தது. "அண்ணா, காலை எடுங்க" என்று அத்தை கத்த, "நான் எங்கடி மிதிச்சேன்" என்று அப்பா கத்த, சாவியை அணைத்தும் நிற்கவில்லை. டீசலை விட்டுவிட்டு வழிந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு ஓடியது. புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான், காற்றை அடை. நான் சமையலறைக்கு ஓடி, காய் நறுக்கும் பலகையை எடுத்து வந்து, காற்றுக் குழாயைப் பிடுங்கி அதன் வாயில் பலகையை வைத்து அழுத்தினேன். இழுத்த இழுப்பில் பலகை கையை விட்டுப் போய் ஒட்டிக்கொண்டது, இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அந்த அமைதியில் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "செத்துருச்சா" என்பதுதான். கேட்டவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆயிலை இறக்கினோம், இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது, பக்கெட் நிறைந்து குழந்தைகள் குளிக்கும் தொட்டி வந்தது. அப்போதுதான் அத்தை மெதுவாக, "நான் ஒரு கேன் ஊத்தினேன்" என்றாள். அப்பா, "நீயுமா" என்றார். பேரிங் அரைபட்டிருந்தால் ஆயிலில் உலோகத் தூள் மின்ன வேண்டும், அதனால் பரிசோதனைக் கூடத்திலிருந்து எடுத்து வந்த வடிதாளில் கொஞ்சம் வடியவிட்டு விளக்குக்குக் கீழே வைத்தேன். மூன்று தலையும் அதன் மேல் குனிந்தன. கறுப்பு, வெறும் கறுப்பு, ஒரு மினுக்கும் இல்லை. கிராங்கைக் கையால் சுற்றினோம், வெண்ணெயாகச் சுற்றியது. பிறகு ஒருவர் ஊற்ற இருவர் சாட்சி நிற்க, புது ஆயில் விட்டு மறுபடி சாவி. பிடித்தது, நிதானமாக ஓடியது, சொன்னபோது நின்றது. அப்பா பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எடுக்கவே மாட்டேன் என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை, தரையில் உட்கார்ந்து சிரித்தேன், பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து "அவங்களுக்கு ஒண்ணுமில்லையே" என்று அத்தையிடம் விசாரித்தாராம்.

புது இஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. உன் வீடு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். வியாழக்கிழமை விடியும்போது கிளம்புகிறோம், அத்தையும் வருகிறாள், உன் கடைவாய்ப் பல்லைப் பார்க்காமல் விடமாட்டாளாம். வந்து சேருவோம் என்று நான் உறுதி தரவில்லை, சேராமல் போக ஒரு காரணமும் என் கண்ணில் படவில்லை என்று மட்டும் சொல்கிறேன். வாசலில் நிறுத்த இடம் பார்த்து, தரையில் பழைய அட்டை விரித்து வை. இரண்டு நாளாவது அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு.

உடம்பும் மனசும் திடமாக, நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நன்றாக இருக்க எங்கள் மூவரின் ஆசிகள். முக்கியமான ஒன்று. நாங்கள் வந்து இறங்கியதும் உதவி செய்கிறேன் என்று நீ எதையும் அதற்குள் ஊற்றிவிடாதே. நீயும் இந்த வீட்டுப் பெண்தான்.

இப்படிக்கு,
நகக்கண்ணில் இன்னும் கரி போகாத
உன் அம்மா