வெள்ளிக்கிழமை முறை

எம். புதுப்பட்டி
28.6.2004

மதுரை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மருமகள் இசைவாணிக்கு, தாய்மாமன் சங்கிலிமுத்து ஆசி கூறி எழுதுவது.

இங்கன நான், உன் அம்மா இருளம்மாள், உன் அக்கா கல்யாணப் பொண்ணு பானுப்பிரியா எல்லோரும் சுகம். பம்புசெட்டுக்கு மறுபடியும் இலவச கரண்டு வந்துவிட்டது. அரசாங்கம் தானாகக் கொடுத்தது என்று பேப்பர்க்காரன் எழுதுவான், நம்பாதே. விருதுநகரில் நான் மைக்கைப் பிடித்துப் பேசிய பேச்சில் ஓர் அதிகாரி ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். "விவசாயிகிட்டப் போயி கரண்டுக்குக் காசு கேக்கீகளே, நீங்க என்னத்தத் திங்கீக?" என்றேன். கூட்டம் என்னைத் தோளில் தூக்கி ரயில் நிலையம் வரைக்கும் கொண்டுபோனது. ஒரு செருப்பு தொலைந்ததுதான் மிச்சம்.

உன் தாத்தா கிணற்றை எனக்கும் உன் அம்மாவுக்கும் பொதுவில் வைத்தார். செவ்வாய், வெள்ளி அவள் முறை. மற்ற நாள் என் முறை. கரண்டு என் பேரில் இருந்தாலும் அது மாறாது. ஆவணியில் பானுப்பிரியா கல்யாணத்துக்கு நான் செய்யப்போகும் மாமன் முறையில் ஊரே வாயைப் பிளக்கும்.

இப்படிக்கு,
மாமன் சங்கிலிமுத்து


மதுரை
10.7.2004

அன்புள்ள மாமாவுக்கு,

எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் உங்களால் ஜெயித்தேன். விவசாயிக்கு இலவச மின்சாரம் தேவையா என்பது தலைப்பு. எதிரணியில் பிரீத்தி. அவள் அப்பாவுக்கு சிவகாசிப் பக்கம் வெடி கம்பெனி. "அந்தத் தண்ணி எல்லாம் பயிருக்குத்தான் போகுதுன்னு நெனைக்கீங்களா? எங்கப்பாகிட்டக் கேளுங்க" என்று சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் மாமாவைப் போய்ப் பாருங்கள் என்றேன். நீங்களும் அம்மாவும் முறை வைத்துப் பாய்ச்சுவதைச் சொன்னேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

அம்மாவின் மிளகாய் பூ விட்டதா? அக்கா கல்யாணத்துக்கு அதைத்தான் நம்பியிருக்கிறாள்.

அன்புடன்,
இசைவாணி


எம். புதுப்பட்டி
22.7.2004

மருமகளுக்கு மாமன் எழுதுவது.

அந்த பிரீத்தி பேச்சைப் படித்ததும் காறித் துப்பினேன். முற்றத்துக் கோழி ஓடிவிட்டது. கம்பெனிக்காரன் வாங்குவதற்குப் பேர் சலுகையாம், நாம் வாங்கினால் மட்டும் ஓசியாம். தூ!

இங்கே வெடி கம்பெனிகளுக்குத் தீபாவளி சீசன் சூடு பிடித்துவிட்டது. நம் கிணற்றடியில் தண்ணி லாரி வரிசை கட்டி நிற்கிறது. லோடு லோடாகப் போகிறது. டிரைவர்மார் என்னை முதலாளி என்கிறார்கள். இதுவும் விவசாயந்தான் தாயி. ஊரான் பருத்தி விளைய வைக்கிறான், நான் தண்ணீர் விளைய வைக்கிறேன். உன் அம்மா முறையிலும் லாரி வந்துவிடுகிறது. வாசலுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பினால் மரியாதையா? அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மிளகாய்ச் செடி என் இடுப்புக்கு நிற்கிறது.

இப்படிக்கு,
சங்கிலிமுத்து


மதுரை
16.8.2004

மாமா,

வெள்ளிக்கிழமை சொல்லாமல் ஊருக்கு வந்தேன். நீங்கள் விருதுநகர் போயிருந்தீர்கள். உங்கள் இடுப்புக்கு நின்ற செடி என் கணுக்காலுக்குக்கூட இல்லை. இலை சுருண்டு கிடந்தது. அன்று அம்மா முறை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் லாரிக்குள் கிடந்தது. அம்மா லாரிக்கு அடியில் குனிந்து, ஒழுகுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள், செடிக்கு ஊற்ற.

"சீக்கிரம் பிடி ஆத்தா, முதலாளி பாத்தா வைவாரு" என்றான் டிரைவர்.

"எங்க அண்ணந்தான்யா அது" என்று அம்மா சிரித்தாள்.

லாரி எங்கே போகிறது என்று கேட்டேன். பிரீத்தி வீட்டுக் கம்பெனிக்காம்.

மேடையில் நான் பேசிய பேச்சே நாறுகிறது. இலவச கரண்டு வேண்டாம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் பயிர் கருகிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேரைச் சொல்லி வாங்கித்தானே அம்மா பயிரைக் கருக விட்டீர்கள்?

அம்மாவுக்குக் கிணற்று முறை இல்லை என்றால், அக்காவுக்கு மாமன் முறையும் வேண்டாம். அம்மாவின் சித்தப்பா மகன் சோலைச்சாமி மாமா செய்யட்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது" என்றாள்.

இசைவாணி


எம். புதுப்பட்டி
2.9.2004

என் தங்க மருமகளுக்கு மாமன் சங்கிலிமுத்து பிரியத்தோடு எழுதுவது.

உன் கடுதாசி மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்துபோய் வந்தது. மாமன் முறை என்று ஏதோ தெரிந்தது. கவலையை விடு. தட்டு வரிசை எங்கள் தெருவில் தொடங்கி மண்டபத்தில் முடியும். நான் போடப்போகும் வெடி ஆலங்குளம் வரைக்கும் கேட்கும்.

போன வெள்ளிக்கிழமை லாரியை எல்லாம் விரட்டிவிட்டேன். டிரைவர்மார் அழுதுகொண்டே போனார்கள். இனிமேல் ஏழு நாளும் உன் அம்மா முறைதான். எந்த அண்ணன் தருவான்? இந்தப் பக்கம் ஆடியிலிருந்து ஒரு பொட்டு மழை கிடையாது. கிணற்றில் சேறு கிடக்கிறது, மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. ஆனால் கரண்டு குறையில்லாமல் வருகிறது தாயி. அதற்குக் காசும் இல்லை.

ஒரு விஷயம். கல்யாணப் பத்திரிகையை நேற்றுப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். தாய்மாமன் என்று சோலைச்சாமி பேர் இருக்கிறது. அச்சாபீஸ்காரன் தப்பாகக் கோத்துவிட்டான் போல. நீ ஒரே ஒரு வரி எழுது, சிவகாசிக்குப் போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை இன்னும் வரவில்லை. தபால்காரனையும் பிடிக்க வேண்டும்.

பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தாய்மாமன்
சங்கிலிமுத்து