பெரியவர் பார்க்கும் சுவர்

ஜூன் 2, 2025

இருபத்தேழு படங்களும் வந்து இறங்கிவிட்டன. இருபது வருடமாகப் பல் பிடுங்கிச் சேர்த்த சொத்து. எல்லாமே வேலை செய்கிற மனிதர்கள்: பூக்கட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், நாற்று நடுகிறவர்கள். திருமங்கலத்தில் இந்தத் தூண் வைத்த பழைய வீட்டை வாங்கியதே இவர்களுக்குச் சுவர் வேண்டும் என்றுதான். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டு அலங்காரத்துக்கு யோசனை சொல்ல வந்த இந்துப்ரியா சுற்றிப் பார்த்துவிட்டு, “மேடம், இந்த வீட்டுக்கு யானை, தாமரை, ராஜா ராணிதான் செட் ஆகும். இவங்கள மாடில மாட்டிக்கலாம்” என்றாள்.

இவங்கள! காபி கொடுத்து வழியனுப்பிவிட்டேன்.

ஜூன் 3

கூடத்தில் முன்பே ஒரு படம் இருக்கிறது. வீட்டை விற்ற சிவக்குமாரின் தாத்தா. தலைப்பாகை, வெள்ளிப்பூண் தடி, ஆளுயரம். “கார்ல கொள்ளாது டாக்டர், வேன் கொண்டாந்து எடுத்துக்கிறேன்” என்று போனவர்தான்.

ஜூன் 8

அம்மா வந்தாள். ஆட்டோவை அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். பின்வாசலில் நிற்கிறாள்.

“என்னம்மா இது?”

“காலு தானா வந்துருச்சுடி.”

அவள் பன்னிரண்டு வயதில் நெல் குத்த வந்த வீடு. பின்கட்டைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. தெரிந்துதானே வாங்கினேன்? தெரிந்துதான். ஆனா அவ அங்க போய் நிப்பான்னு நெனைக்கலையே...

ஜூன் 9

காலையிலிருந்து அம்மா ஆய்வு நடத்துகிறாள். இருபத்தேழு பேரில் ஒருவரும் தப்பவில்லை. நாற்று நடும் படத்துக்கு முன்னால் மட்டும் அரைமணி நேரம்.

“இம்புட்டு நேரா நின்னா என்னைக்கு நட்டு முடிக்க? வரஞ்சவன் வயல்ல எறங்குனதே இல்ல.”

அப்புறம் தலைப்பாகைப் பெரியவர் பக்கம் திரும்பினாள். “ஒருநாளும் எங்கள ஏறிட்டுப் பாத்ததில்லடி, இந்த மனுசன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆணி அடிக்க வந்த சுருளியிடம் நாற்று நடும் படத்தைப் பெரியவருக்கு நேர் எதிரே மாட்டச் சொன்னேன். இரண்டு தடவை ஏற்றி, ஒரு தடவை இறக்கினான்.

“அக்கா, இப்ப அவரு வேற எங்கயும் பாக்க முடியாது.”

ஜூன் 10

பெரியவர் இன்னும் கண் இமைக்கவில்லை.

ஜூன் 13

அம்மா காபியோடு போய்ப் பெரியவர் முன்னால் நின்று, “குடிக்கிறீகளா?” என்று கேட்டுவிட்டுத் தானே குடிக்கிறாள். எழுபது வயதுக்கு இது தேவையா? நானும் ஒருநாள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூன் 22

சிவக்குமார் வேனோடு வந்தார். தாத்தாவைப் பார்த்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

“ஏன் டாக்டர் இப்படி...?”

“வெளிச்சம் நல்லா விழுது” என்றேன். பொய்.

அம்மா விடவில்லை. “நான் ராக்கம்மா, தம்பி. பின்கட்டுல நெல்லு குத்துனேன். அப்ப அய்யா எங்கள பாக்கல. இப்பத்தான் பாக்குறாரு. உக்காருங்க, காப்பி வருது.”

திரும்பிப் போய்விடுவாரோ? என்ன சொல்லுவாரோ? அவர் இன்னொரு தடவை எதிர்ச்சுவரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

“இன்னும் கொஞ்ச நாள் பாக்கட்டும்மா” என்றார்.

வேன் காலியாகவே போனது. மனசார சொன்னாரா, அவர் வீட்டில் இடமில்லையா? தெரியவில்லை.

ஜூலை 16

அம்மா ஊருக்குப் போய், கூட நெல் குத்திய நாலு பேரை ஷேர் ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். படம் படமாக நிறுத்தி விளக்கம் வேறு, தானே வரைந்த மாதிரி. முருகம்மாள் பெரியம்மா பெரியவரைப் பார்த்து ஏதோ சொல்ல, ஐந்து பேரும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லவே இல்லை.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்திலேயே படுத்தார்கள். வெறுந்தரை, நல்ல குளிர்ச்சி. ஐந்து குறட்டை, ஐந்து சுதி.

கிளினிக்குக் கிளம்ப வேண்டும். சத்தம் கேட்டு யாரும் விழித்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனேன்.