சந்தனம் பூசிய தலை

அடியே,

முந்தானையை அலசிக் கொடியில் போட்டுவிட்டேன். சந்தன வாசம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. காற்று அதை அறைக்குள் கொண்டுவரும்போதெல்லாம் உன்னோடு பேச வேண்டும் போலிருக்கிறது. நீ உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் வந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் வந்துவிட்டது. உனக்கு வந்த அதே இடத்தில், அதே நோய். கெமோ தொடங்கியதும் முடியெல்லாம் சீப்போடு போய்விட்டது.

உன் மொட்டைத் தலை இன்னும் கண்ணில் நிற்கிறது. சிகிச்சைக்கு நடுவே, நாம் வேலை பார்த்த புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு முக்காடுகூட இல்லாமல் வேலைக்கு வந்தாய். கேன்டீனில் சூப்பர்வைசர் அண்ணன், "என்னம்மா, தைப்பூசம் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள மொட்டையா?" என்று சிரித்தார். ஆமாம் என்று சொல்லித் தொலை என்பதற்காக, மேசைக்கு அடியில் உன் தொடையைக் கிள்ளினேன். நீ மீ கோரெங் நூடுல்ஸை மென்றுகொண்டே சொன்னாய்: "சாமிக்கு இல்லண்ணே. மார்ல புற்றுநோய். மருந்து போட்டாங்க, முடி கொட்டிருச்சு."

எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நோய் உனக்கு, மானம் போனது எனக்கு! வேலை முடிந்து கடல் பாலத்தைத் தாண்டித் திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே சண்டைக்கு வந்தேன்.

"ஏண்டி ஊருக்கே தம்பட்டம் அடிக்கிற?"

"மறைச்சு வச்சா போயிருமா? நான் வெளிய சொன்னாத்தான் இன்னொருத்தி டாக்டர்கிட்ட போய்க் காட்டுவா லா."

சில நாள் கழித்து, பாக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி பஸ்ஸில் உன்னருகே உட்கார்ந்து காதோடு காதாக ஏதோ கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இத்தனையும் பார்த்தவள் இப்போது செய்ததைக் கேள். தைப்பூசம் நெருங்கியது எனக்கு வசதியாகப் போயிற்று. தலை நிறையச் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டேன். மகனுக்காக முருகனுக்கு முடி கொடுத்தேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. பூக்கடை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு மாலையைச் சும்மாவே கொடுத்தார். கூச்சமே இல்லாமல் வாங்கிவந்தேன். என் பொய்க்குச் சாமியையும் கூட்டு சேர்த்துக்கொண்டேன்.

இன்று காலை ரதம் எங்கள் சாலை வழியாக வந்தது. அதற்காக அர்ச்சனைத் தட்டோடு வாசலில் நின்றேன். சாலையோரம் உடைப்பதற்கான தேங்காய்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. எதிர்வீட்டு மருமகள் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றாள். சின்ன வயதுதான்.

"அக்கா, ஒங்க வேண்டுதல் பலிச்சிருச்சா?"

"ஏம்மா கேக்கற?"

"நானும் மொட்ட போடறேன்னு வேண்டிக்கப் போறேன். மார்ல ஒரு கட்டி இருக்கு. ஆஸ்பத்திரின்னாலே பயம்மா. வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லல. ஒங்களப் பாத்ததும்தான் தைரியம் வந்துச்சு. முருகனே கரைச்சிருவாரு இல்ல?"

உடம்பெல்லாம் கூசிப்போனது. நீ வாய் திறந்ததால் ஒருத்தி உன்னைத் தேடி வந்தாள். என் சந்தனத்தைப் பார்த்து இவள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்கப் பார்க்கிறாள்.

முந்தானையை இழுத்துத் தலையை அழுத்தித் துடைத்தேன்.

"இது வேண்டுதல் இல்லம்மா. மார்ல புற்றுநோய். மருந்து போட்டாங்க, முடி கொட்டிருச்சு."

உன் வார்த்தைகளைத்தான் சொன்னேன். நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னதை நான் சொல்லி முடிப்பதற்குள் தட்டிலிருந்த வாழைப்பழம் சரிந்து கீழே விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கடை அக்காவும் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன்.

"லீவு முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் கூடவே இருப்பேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். ரதம் வந்தது. தேங்காய்கள் சிதறின. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் என் காதருகே வந்து கேட்டாள்:

"ரொம்ப வலிக்குதாக்கா?"

தெருவென்றும் பாராமல் அழுதேன். நான் நோயை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். உன்னோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து பாலத்தைத் தாண்டிப் போய் வந்தவள் நான். யார் பார்க்கிறார்கள் என்றே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை ஒரு நாளும் உன்னிடம் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறேன்.

ரொம்ப வலிச்சுதாடி?