மொம்பாசாவுக்குப் போன வேர்

கக்கமேகா,
12 ஜூலை 1988

என் அன்பு லிஹண்டாவுக்கு,

முசிம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சோளம் கதிர் முற்றிவிட்டது. நீங்கள் நலமா என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

உங்கள் தம்பியிடம், ஆண்மைக்கு நல்லதென்று இங்கே ஆண்கள் மெல்லும் முகொம்பெரோ வேர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அத்தையே காட்டுக்குள் போய்த் தோண்டினார். வெறும் வயிற்றில் மெல்ல வேண்டுமாம். நம் விஷயத்தை அவராகவே புரிந்துகொண்டார். உங்கள் தம்பியின் மனைவி ககேஹா, சந்தையில் எல்லோர் முன்னாலும், "வேரு இங்க, ஆளு மொம்பாசாவுல! புள்ள என்ன தபால்லயாக்கா வரும்?" என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்காவது வாருங்கள். ஒன்றும் கேட்க மாட்டேன்.

உங்கள் முசிம்பி

மொம்பாசா,
20 ஆகஸ்ட்

முசிம்பி,

வேரை மென்றேன். வாய் மணத்தது, அவ்வளவுதான். துறைமுகத்தில் கூட வேலை செய்பவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். "யாருக்குடா இந்த ஏற்பாடு? பொண்டாட்டி ஊர்லல்ல இருக்கா!" என்று ஒரே கேலி. பிறகு அதே குறைக்கென்று தெருவில் விற்ற ஒரு மரப்பட்டைத் தூளைக் குடித்து, நெஞ்சு படபடத்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி என்றார்கள். அதனால் ஆண்மையும் குறையுமாம். காலில் புண்ணும் ஆறவில்லை.

குறை என்னிடம்தான் என்று அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். உனக்கு வயது இருக்கிறது. உன் அப்பா வீட்டுக்குப் போய்விடு. உனக்குப் பரிசமாகக் கொடுத்த மாடுகளைத் திருப்பிக் கேட்க மாட்டோம்.

லிஹண்டா

கக்கமேகா,
3 செப்டம்பர்

என் லிஹண்டாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் வாசிக்க, அத்தை கேட்டுவிட்டு, "மருமவளே, அவன் கால் புண்ணுக்கு யாரு கட்டுப் போடுறா?" என்றார். நானும் அதையேதான் கேட்கிறேன். பக்கம் முழுக்க மற்றதை எழுதிவிட்டுப் புண்ணை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

பிள்ளை இல்லாமல் இருந்து பழகிவிட்டேன். நீங்கள் இல்லாமல்தான் பழகவில்லை. 16ஆம் தேதி பஸ்ஸில் மொம்பாசா வருகிறேன். என்னை அழைத்துப்போக வாருங்கள்.

உங்கள் முசிம்பி

அப்பா வீட்டிலிருந்து,
2 அக்டோபர்

லிஹண்டாவுக்கு,

அன்று பஸ் நிலையத்தில் மீன் கடைக்கு அந்தப் பக்கம் கம்பு ஊன்றி நின்றது நீங்கள்தான். கையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். நொண்டிக்கொண்டுதான் போனீர்கள், நான் ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். என்னைக் கண்டு பயந்து போகிறவரை எப்படிப் பிடித்து நிறுத்துவது?

கொண்டுவந்த வறுத்த கடலையை அந்த பஸ் நிலையத்து டீக்கடைக்காரியிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அத்தை அங்கே வருகிறார். அவரைப் பார்த்தும் திரும்பி நடந்துவிடாதீர்கள்.

முசிம்பி