ஆக்னஸுக்கு வந்த முட்டைகள்

என் ரெஜிக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு நம் ஃப்ரிட்ஜில் முட்டை தீர்ந்ததே இல்லை. பன்னும் டீயுமாய் வளர்கிற பிள்ளைகளுக்காக, பெருங்குடியில் மொட்டை மாடிகளில் கோழியும் கீரையும் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தாயே, அந்தப் பெண்கள்தான் அடையாறில் நம் வீடு வரை பஸ் ஏறிக் கொண்டுவருகிறார்கள். "ஆக்னஸ் பாப்பாவுக்கு" என்பார்கள். வாங்கி வைப்பேன். நம் மகளுக்கு ஒன்று அவிப்பேன், மிச்சம் அப்படியே கிடக்கும். ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கிற எனக்கு, இத்தனை முட்டை ஏன் வருகிறது என்று மண்டையில் ஏறவில்லை.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து ஆக்னஸோடு அங்கே போனேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு வேலை இருந்தது. இப்போது நீ இல்லாமல் போய் நிற்கிறேன்.

முட்டை கொண்டுவரும் பெண்களில் ஒருத்தியான வள்ளியின் வீட்டு மாடி. கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அவள் பிள்ளை வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்கு முட்டை இல்லியா?" என்றாள் ஆக்னஸ்.

"அது உனுக்குத்தானே வருது."

நான் வள்ளியிடம் திரும்பினேன். "என்ன வள்ளி இது?"

"ரெஜியக்கா இன்னா சொல்லும்? மொத முட்ட புள்ளைக்கு, மிச்சந்தான் விக்கிறதுக்கு. அக்கா போனப்புறம் பாப்பா எங்க புள்ளதானேண்ணா? அதான் மொத முட்ட அங்க வந்துகினு கீது."

உன் பேச்சை அவர்கள் மீறவே இல்லை, ரெஜி. இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய்?

"இனிமே வேண்டாம் வள்ளி. உன் பையனுக்குக் குடு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வூட்டு முட்ட ஆவாதாண்ணா?"

நான் விளக்கப் போனேன். அதற்குள் ஆக்னஸ் அந்தப் பையன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, எனக்கும் இங்கயே போடுங்க."

வள்ளியின் முகம் தெளிந்தது. ஒரு முட்டையை அவித்து, நூலால் அறுத்து, ஆளுக்குப் பாதி வைத்தாள். கூடவே முருங்கைக்கீரைப் பொரியல். வீட்டில் கீரையைத் தொடாத நம் மகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"சரிண்ணா. ஞாயித்துக்கெழம பாப்பா இங்க வந்து துன்னட்டும். மத்த நாளு இவனுக்கு. நீங்களும் வந்து துன்னுங்க, சீக்குக் கோழி மாதிரி கீறீங்க."

சிரித்துவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அதில் கிடந்தவை எந்தெந்தப் பிள்ளையின் முட்டைகள், ரெஜி? அத்தனையையும் அன்று சாயங்காலமே அவித்துப் பெருங்குடிக்கே எடுத்துப்போனேன். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மாடிக்கு வந்துவிட்டார்கள். உரிக்க எனக்குக் கை போதவில்லை.

இனி ஒவ்வொரு ஞாயிறும் நம் மகளோடு அங்கே இருப்பேன். வேலை இருந்தாலும்.

உன் வீட்டுக்காரன்,
ஆக்னஸின் அப்பா